மைக்ரோஃபைபர் துணி: வாங்குவது முதல் வீசுவது வரை

ஊரில் எங்கள் வீட்டில் துடைக்கும் துணி என்று காசு கொடுத்து யாரும் எதுவும் வாங்கியதில்லை. அப்பாவின் பனியன் நைந்தால் மேசை துடைக்கப் போகும். லுங்கி கிழிந்தால் தரைக்குப் போகும். நான் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அம்மா பெட்டியின் அடியில் இரண்டு பழைய வேட்டிகளை மடித்து வைத்தார், கரித்துணிக்கு ஆகும் என்று.

இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் அந்த வேட்டித் துண்டுகள் தடுமாறிப் போயின. பளபளக்கும் தரை ஓடு, கண்ணாடிக் கதவு, வழவழப்பான அலமாரி. எதைத் துடைத்தாலும் கோடு கோடாகத் தடம் தெரிந்தது. அதைவிட மோசம், துணி காயவே இல்லை. ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில், சமையலறை மூலையில் கிடக்கும் பருத்தித் துணி மறுநாள் காலையில் என்ன நாற்றம் நாறும் என்று இங்கே வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிரந்தரவாசம் கிடைத்த பிறகு ஓர் அலுவலகக் கட்டடத்தில் காலை நேரத் துப்புரவு வேலைக்குப் போனேன். அங்கே என்னைவிட இருபது வயது மூத்த மக்சிக் (வயதில் மூத்த பெண்ணை மலாயில் அழைக்கும் சொல்) ஒருவர்தான் மைக்ரோஃபைபர் துணியைக் கையில் கொடுத்து, பிடிக்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்தார். இப்போது புதிதாக வரும் எங்கள் ஊர்க்காரர்கள் இந்தத் துணியை வாங்கி, ஒரே மாதத்தில் கெடுத்துவிட்டு, "எல்லாம் சும்மா விளம்பரம்" என்று சொல்வதைக் கேட்கும்போது மக்சிக் நினைவுதான் வருகிறது. துணியில் குறை இருப்பது அபூர்வம். துவைக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் குறை.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது புரிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், தானாக வரும்.

9,000 மீட்டர் நீளமுள்ள ஓர் இழை 1 கிராம் எடை இருந்தால் அதை 1 டெனியர் என்பார்கள். அதைவிட மெல்லிய இழைதான் மைக்ரோஃபைபர். நம் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். இவ்வளவு மெல்லிய இழைகளைத் துணியாக்கும் தொழிலில் முன்னோடிகள் ஜப்பானியர்கள். டோரே நிறுவனம் 1970இல் கொண்டுவந்த அல்ட்ராஸ்வேட் என்ற செயற்கைத் தோல் இந்த வகை இழையால் ஆனது. துடைக்கும் துணியாக இது வீடுகளுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

துடைக்கும் துணியில் இன்னொரு வித்தை உண்டு. பாலியெஸ்டரையும் பாலியமைடையும் (நம் வழக்கில் நைலான்) சேர்த்து ஒரே இழையாக இழுத்து, அப்புறம் அதை நீளவாக்கில் பிளந்துவிடுகிறார்கள். உரித்த ஆரஞ்சைச் சுளை சுளையாகப் பிரித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு சுளைக்கும் கூரான விளிம்பு, சுளைகளுக்கு நடுவே இடைவெளி. விளிம்பு அழுக்கைச் சுரண்டி எடுக்கும், இடைவெளி அதை உள்ளே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும், நைலான் ஈரத்தை ஏற்கும். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே பாதி வேலை முடிவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆக, அந்த இடைவெளிகள் காலியாக இருக்கும்வரைதான் துணிக்கு உயிர். எதெல்லாம் அவற்றை அடைக்கிறதோ, உருக்குகிறதோ, அதெல்லாம் துணிக்கு எதிரி. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் படி, வாங்குவது

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவிலும் முஸ்தபா பேரங்காடியிலும், குடியிருப்புப் பேட்டைக் கடைகளிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பொட்டலத்தில் மைக்ரோஃபைபர் என்று போட்டிருப்பதால் மட்டும் நம்ப வேண்டாம். பிளக்காத இழையில் நெய்த துணிக்கும் அதே பெயர்தான். அது தொடுவதற்குப் பட்டுப்போல இருக்கும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், குடிக்காது.

கடையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளங்கையில் துணியை மெதுவாக இழுங்கள். பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கை என்றால் இன்னும் நல்லது. நல்ல துணி தோலின் சின்னச் சின்னச் சொரசொரப்பில் மாட்டிக்கொள்ளும், ஒருமாதிரி கூசும். வழுக்கிக்கொண்டு போனால் திரும்ப வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மேசையில் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றி, துணியை ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். மேசை காய்ந்தால் துணி நல்லது. தண்ணீர் முன்னால் ஓடினால் அந்தத் துணியைக் கார் வைத்திருக்கும் யாருக்காவது கொடுக்காதீர்கள், அவர்களுக்கும் அது ஆகாது.

பொட்டலத்தில் கலவை விகிதம் இருந்தால் படியுங்கள். 80 சதவீதம் பாலியெஸ்டர், 20 சதவீதம் பாலியமைடு என்பது வழக்கமான கலவை. 70க்கு 30 என்றும் வரும், விலை கொஞ்சம் கூடும். ஜிஎஸ்எம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. கண்ணாடிக்கு 200ஐ ஒட்டிய மெல்லிய, வழவழ நெசவு. பொதுவான வேலைக்கு 300 அளவில் சின்னச் சுருள் வைத்தது. அதற்கு மேலே போகும் தடித்த துணி ஈரம் ஒற்ற நன்றாக இருக்கும், ஆனால் நம் வீட்டில் அது காய்வதற்குள் பொழுது போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நடுத்தரத்தில் எட்டு, கண்ணாடிக்கு இரண்டு வாங்கினால் போதும்.

நிறம் பார்த்து வாங்குங்கள். துப்புரவுத் தொழிலில் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நான் வேலை செய்த இடத்தில் சிவப்பு கழிப்பறைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, பச்சை உணவு இருக்கும் இடத்துக்கு, நீலம் மற்ற எல்லாவற்றுக்கும். இடத்துக்கு இடம் சற்று மாறும். சிவப்பு மட்டும் பெரும்பாலும் மாறாது. வீட்டில் இதே கணக்கை வைத்துக்கொண்டால் மாமியார் வந்தாலும், பிள்ளை துடைத்தாலும், பணிப்பெண் வேலைக்கு வந்தாலும் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கழிப்பறைத் துணி சாப்பாட்டு மேசைக்கு வராது.

வாங்கியதும் ஒருமுறை தனியாக அலசுங்கள். புதுத் துணியில் சாயமும் உதிரி இழையும் இருக்கும். சிவப்புத் துணியை வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையோடு போட்ட என் அனுபவத்தை இங்கே விரித்துச் சொல்லவில்லை.

இரண்டாம் படி, மடிப்பது

இதைத்தான் யாரும் செய்வதில்லை. துணியைச் சுருட்டிப் பந்தாக்கித் துடைப்போம். மக்சிக் என்னை முதல் நாள் தடுத்து நிறுத்தியது இதற்காகத்தான். "அடிக் (தங்கச்சி), உன் கையில் இருப்பது ஒரு துணி இல்லை, எட்டுத் துணி" என்றார்.

40 சென்டிமீட்டர் சதுரத் துணியைப் பாதியாக மடியுங்கள். மறுபடியும் பாதியாக மடியுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கைக்கு அளவாக வந்துவிடும். இப்போது மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம். இரண்டும் அழுக்கானதும் மடிப்பைத் திருப்பினால் இன்னும் இரண்டு. முழுக்க விரித்து உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தால் மேலும் நான்கு. மொத்தம் எட்டுச் சுத்தமான முகங்கள். ஒரு முகம் நிறைந்ததும் அடுத்ததற்குப் போங்கள். எட்டும் முடிந்தால் துணியைத் துவைக்கும் வாளியில் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். அலசி அலசி அதையே பயன்படுத்தும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, தெரியும். ஆனால் அழுக்கு வாளியில் அலசிய துணி அழுக்கை எடுப்பதில்லை, கூடத்திலிருந்து படுக்கையறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மடித்த துணிக்கு இன்னொரு லாபம்: உள்ளங்கையின் அழுத்தம் சீராகப் பரவும். பந்தாகப் பிடித்தால் நாலு விரல் படும் இடம்தான் துடைபடும்.

மூன்றாம் படி, எவ்வளவு ஈரம்

தூசிக்குக் காய்ந்த துணி. தேய்க்கும்போது உண்டாகும் மின்னூட்டம் தூசியை இழுத்துக்கொள்ளும். மின்விசிறி இறக்கை, புத்தக அலமாரி, ஏர்கானின் வெளிமூடி, இவையெல்லாம் காய்ந்த துணியில் முடிந்துவிடும். அண்டை நாட்டுக் காட்டுத்தீப் புகை இங்கே வந்து சூழும் புகைமூட்டக் காலத்தில் மட்டும் நான் லேசான ஈரத்துணிக்கு மாறிவிடுவேன். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை போன நாள்களில் இங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் வாசனை மறக்காது. அத்தனை மெல்லிய தூசியைக் காய்ந்த துணியால் தட்டினால் பாதி நம் மூக்குக்குள்தான் போகும்.

மற்ற எல்லாவற்றுக்கும் ஈரத்துணி. ஈரம் என்றால் நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை இறுக்கிப் பிழிந்தது. புதியவர்கள் எப்போதும் தண்ணீரைக் கூடத்தான் வைப்பார்கள். இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் அழுக்குக்கு இடம் ஏது? தெளிக்கும் மருந்து இருந்தால் துணியில் தெளியுங்கள், பொருளின் மேல் வேண்டாம். தொலைக்காட்சித் திரைக்கு இது கட்டாயம். ஓரமாக வழிந்து உள்ளே போன ஒரு சொட்டு போதும், திரை போய்விடும்.

துடைக்கும் வரிசை: மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடம். வட்டமாகச் சுற்றித் தேய்க்காமல், பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து ஒரே போக்கில் இழுங்கள். துடைத்த இடத்துக்குத் திரும்ப வராதீர்கள்.

கண்ணாடிக்கு இரண்டு துணி வேண்டும். முதலில் ஈரத்துணி, உடனே காய்ந்த மெல்லிய துணி. ஜன்னல் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வெளிப்பக்கத்தைத் துடைக்க உடம்பை வெளியே நீட்டாதீர்கள், பணிப்பெண்ணையும் நீட்ட விடாதீர்கள். உயரத்தில் இருக்கும் வீடுகளில் கம்பிக்கதவு பூட்டியிருந்து, பெரியவர் ஒருவர் கூடவே நின்று பார்த்துக்கொண்டால்தான் பணிப்பெண் ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கலாம் என்று 2012 முதல் மனிதவள அமைச்சின் விதி இருக்கிறது. பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னலுக்கும் தரைத்தள ஜன்னலுக்கும் மட்டும் விலக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லோரும் இதை மறந்துவிடுகிறோம்.

எங்கே வேண்டாம்

சூடான அடுப்பு. நைலானில் ஒரு வகை 220 டிகிரி செல்சியஸிலேயே உருகும், இளகுவது அதற்கும் முன்னால். தோசைக்கல்லை இறக்கிய கையோடு அடுப்பைத் துடைக்கப் போய், துணியின் ஒரு மூலை கண்ணாடிபோல இறுகிப்போனது எனக்கு. அந்த இறுகிய மூலை அப்புறம் மேசையையும் கீறியது. அடுப்பு ஆறட்டும்.

தாளித்துத் தெறித்த எண்ணெய், வடைச் சட்டியின் ஓரம், இதற்கெல்லாம் முதலில் பழைய செய்தித்தாளோ காகிதத் துண்டோ கொண்டு ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சப் பிசுக்குக்கு மட்டும் பச்சைத் துணியைக் கொண்டுவாருங்கள். வியாழக்கிழமை மாலை விளக்கு விளக்குகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். நல்லெண்ணெயும் திரிக்கரியும் சேர்ந்த பிசுக்கு ஒருமுறை உள்ளே போனால் எளிதில் வெளியே வராது. அதற்கு அம்மா கொடுத்த வேட்டித் துண்டே மேல். என் வீட்டில் அது இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

மணல் ஒட்டிய தரையிலும் நேரடியாகத் தேய்க்காதீர்கள், முதலில் பெருக்குங்கள். துணி மணலைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த இழுப்பில் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். துணியின் ஓரத்தில் தைத்த விவரச்சீட்டையும் வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும்.

கழிப்பறையும் குளோரினும்

மைக்ரோஃபைபர் கிருமியை எடுக்கும், கொல்லாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கிருமிநாசினி வேண்டும். அதைப் பூசுவதற்கு இந்தத் துணி வேண்டாம். குளோரின் கலந்த பிளீச் நைலானை அரிக்கும். முதலில் சிவப்புத் துணியால் அழுக்கை நீக்குங்கள். அப்புறம் காகிதத் துண்டில் பிளீச் கரைசலைத் தொட்டுத் துடையுங்கள். 5 சதவீத வீட்டு பிளீச் என்றால் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் 20 மில்லிலிட்டர். பத்து நிமிடம் விட்டுத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளீச்சோடு கழிப்பறை அமிலத்தையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, சின்னக் குளியலறையில் மூச்சு திணறிவிடும்.

நான்காம் படி, துவைப்பது

நல்ல துணி சாவது பெரும்பாலும் இங்கேதான்.

துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். மணக்கிறதே என்று நானும் ஊற்றினேன், இரண்டே வாரத்தில் துணி தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தது. அந்தத் திரவம் இழையின் மேல் மெழுகுபோல் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. பிளீச்சும் வேண்டாம். திரவச் சோப்பு போதும், அதுவும் நாம் வழக்கமாக ஊற்றுவதில் பாதி. அலசும் சுற்று ஒன்று கூடுதலாக ஓடட்டும். அலசாத சோப்பும் அடைப்புதான்.

பருத்தித் துணியோடு போடாதீர்கள். துவாலையின் பஞ்சை எல்லாம் இது வாரிக்கொள்ளும், பிறகு கண்ணாடியில் போய் ஒட்டும். சிவப்புத் துணிகளைத் தனியாக, மற்றவற்றைத் தனியாக. 40 டிகிரி வெந்நீர் தாராளம், எண்ணெய் ஏறியிருந்தால் 60. அதற்கு மேலே வேண்டாம். ஒன்றிரண்டு துணிக்காக இயந்திரத்தை ஓட்டாமல் சேர்த்து வைத்துத் துவையுங்கள். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் கொஞ்சம் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன, உரசல் குறைந்தால் அதுவும் குறையும்.

சேர்த்து வைப்பது என்றால் ஊறவைப்பது இல்லை. வாளியில் தண்ணீரோடு விட்டுவிட்டு ஊருக்குப் போனால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி அறிவுரையில் வாளியைக் கவிழ்த்து வை என்பதோடு அதன் விளிம்பையும் துடை என்று சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் உட்சுவரில். கவிழ்த்தால் தண்ணீர் போகும், முட்டை போகாது. ஆகவே அழுக்குத் துணிகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டு, காய்ந்தபின் கூடையில் சேருங்கள். கடைசியாக ஒரு துணியால் வாளியின் உட்புறத்தை அழுத்தித் துடைத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

நாற்றம் வந்த துணிக்கு: ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர், அரை மணி நேரம், அப்புறம் வழக்கமான துவையல். மென்மையாக்கி பட்டுக் கெட்டுப்போன துணியும் சிலசமயம் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் பிழைத்துக்கொள்ளும். எனக்கு ஐந்தில் மூன்று பிழைத்தன.

உலர்த்துவது

நிழல், காற்று. அவ்வளவுதான். மூங்கில் கழியில் போட்டால் நன்றாகப் பிழிந்து போடுங்கள், கீழ்வீட்டுக்காரர் துணியில் சொட்டினால் வம்பு. உலர்த்தும் இயந்திரம் இருந்தால் குறைந்த சூடு மட்டும். மஞ்சள்பொடிக் கறைக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருவேன்: அரை மணி நேரம் நல்ல வெயில் காட்டினால் மஞ்சள் தானே வெளுக்கும். சோப்பு எத்தனை போட்டாலும் போகாதது வெயிலில் போவதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான்.

எப்போது விடுவது

நாள் கணக்கு, துவைப்புக் கணக்கு எல்லாம் எனக்கு வேண்டாம். வாங்கிய அன்று செய்த மேசைத் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வெந்நீரில் துவைத்த பிறகும் தண்ணீரைத் தள்ளினால், உள்ளங்கையில் கூசாமல் வழுக்கினால், நீலமும் பச்சையும் சிவப்பு வேலைக்கு இறங்கும். மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிடுங்கள், நிறம் பார்த்து யாரும் ஏமாறாமல் இருக்க. அங்கேயும் உழைத்து முடித்தபின் செருப்பு வைக்கும் அலமாரிக்கு ஒருமுறை, மிதிவண்டிச் சங்கிலிக்கு ஒருமுறை. அதற்கப்புறம் குப்பைத்தொட்டி.